இரண்டாவது சாட்சி

மூன்றா, நாலா? இமாம் அல்லாஹு அக்பர் என்று கையை உயர்த்திக் கட்டினார், நானும் உயர்த்திக் கட்டினேன், ஆனால் இது மூன்றாவது தக்பீரா நாலாவதா என்று தவறிப்போய்விட்டது. பெருநாள் தொழுகையில் முதல் ரக்அத்துக்கு ஏழு தக்பீர், இரண்டாவதுக்கு ஐந்து. வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு இந்தப் பள்ளிவாசலுக்குள் வந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட எனக்கு எண்ணிக்கை தவறியதில்லை. இன்றைக்குத் தவறுகிறது. தவறாமல் எப்படி இருக்கும், கண் எல்லாம் முன்வரிசையில் சேகுனாவின் பிடரியில் அல்லவா இருக்கிறது. நெற்றி வைக்கிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும், தெரியும். பார்வையைக் கீழே இறக்குகிறேன், பச்சைப் பாயின் கோடு தெரிகிறது, அடுத்த தக்பீருக்குக் கை உயரும்போது கண்ணும் கூடவே உயர்ந்து மறுபடி அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. முடி வெட்டியிருக்கிறான். கத்தி ஓடிய இடம் வெளுப்பாகத் தெரிகிறது. ஜமாஅத் தலைவர் மூசா நெய்னாவுக்கு வலது பக்கம் அவன். போன பெருநாளுக்கு இதே மூன்றாவது வரிசையில் என் தோளில் தோள் இடிக்க நின்றான், அதற்கு முந்தினதுக்கும், அதற்கு முந்தினதுக்கும். இன்றைக்கு என் இடது தோளில் இடிக்கிறவர் யாரென்று தெரியவில்லை, வெளியூர்க்காரர், யார் வீட்டுக்கோ பெருநாளைக்கு வந்த மருமகனாக இருக்கும், கஞ்சி மொடமொடப்புப் போகாத ஜிப்பா. அவருக்கு இன்றைக்குப் பெருநாள். இந்தப் பள்ளிவாசலில் நிற்கிற எண்ணூறு பேருக்கும் இன்றைக்குப் பெருநாள். எனக்கு நேற்றே முடிந்துபோன பெருநாள். எனக்கும், இன்னொருவனுக்கும். நேற்று இந்தப் பள்ளிவாசல் ஜமாஅத் முழுக்க முப்பதாவது நோன்பைப் பிடித்துக்கொண்டு வாய் வறண்டு கிடந்தபோது இரண்டே இரண்டு பேருக்குத்தான் அது பெருநாள் என்று தெரியும். அதில் ஒருவன் நான், உதுமான், மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் லைன்மேனாகக் கம்பம் ஏறியவன். இன்னொருவனின் பிடரிதான் இதோ. இமாம் ஓத ஆரம்பித்துவிட்டார். அப்படியென்றால் ஏழும் முடிந்துவிட்டது. நான் ஐந்துதான் எண்ணியிருந்தேன்.

முந்தாநாள் சாயங்காலம், இருபத்தொன்பதாவது நோன்பைத் திறந்து மஃரிபைத் தொழுதுவிட்டு, அவன் வீட்டு மொட்டைமாடிக்குத்தான் ஏறினோம். வருஷா வருஷம் பிறை பார்க்க அங்கேதான். அவன் வீடு மூன்று மாடி, மேற்கே வீடே கிடையாது, உப்பளமும் அதைத் தாண்டி ஒரு வரிசைப் பனையும்தான். கறுப்புத் தண்ணீர்த்தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றோம். மேற்கில் கீழாக ஒரு மேகக்கட்டு, அதற்கு மேலே வானம் கழுவி விட்ட மாதிரி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் உண்மை, அதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், முதலில் எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத்தான் தெரிந்தது. "அந்தா, அந்தாடா உதுமான்" என்றான். எங்கே, எங்கே என்கிறேன் நான். "மொட்டைப் பனைக்கு நேர் மேல பாரு, ரெண்டு விரக்கடை உசரத்துல." அப்போதும் தட்டுப்படவில்லை. என் தாடையைப் பிடித்துத் திருப்பினான். பேரீச்சம்பழம் தின்ற கை, பிசுபிசுவென்று தாடியில் ஒட்டியது. திருப்பின இடத்தில் இருந்தது. மல்லாந்து கிடந்தது, ஒரு தோணி மாதிரி, அவ்வளவு மெலிசு, கண்ணை இமைத்தால் போய்விடும் போலிருந்தது, இமைத்தேன், போகவில்லை. இரண்டு பேரும் கையேந்தி துஆ ஓதினோம். அவன் "உசுரும் ஹயாத்துமா இன்னொரு பெருநாள் கொடுத்துட்டான்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் துடைத்துக்கொண்டேன். அப்போது கீழே சமையல்கட்டிலிருந்து ருகையா குரல் கொடுத்தாள், "மாமா, பிறை தெரிஞ்சுச்சா?" என்று. ருகையா என் மகள், அவன் மருமகள். அவன் மகன் ஷார்ஜாவில், இவள் இங்கே இவனோடும் மாமியோடும். அவன் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து ஏதோ சொல்லப் போனான், நான்தான் தடுத்தேன், "முதல்ல பள்ளியில சொல்லுவோம், அப்புறம் வீட்டுல" என்று. ஏன் தடுத்தேன்? முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, சாட்சி முதலில் ஜமாஅத்துக்குத்தான் என்று. அன்றைக்கு அவன் வாயால் "தெரிஞ்சுச்சும்மா" என்று ஒரு சொல் கீழே விழுந்திருந்தால் போதும், அதை அவன் திரும்ப அள்ளியிருக்க முடியாது. வாயைப் பொத்தியவன் நானேதான். ஸஜ்தா. நெற்றி பாயில் படுகிறது, புதுப் பாயின் கோரை வாசனை, ஸுப்ஹான ரப்பியல் அஃலா, மொட்டைப் பனைக்கு நேர் மேல, ஸுப்ஹான ரப்பியல் அஃலா, ரெண்டு விரக்கடை.

"நீ முன்னால போ, சட்டையை மாத்திட்டு வந்துர்றேன்" என்றான். பத்து நிமிஷம். நான் பள்ளிவாசலுக்கு நடந்த நேரம், அலுவலக அறையில் உட்கார்ந்த நேரம், எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம், அதிகம் போனால் பன்னிரண்டு. அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் இரண்டு நாளாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அறையில் தலைவர் இருந்தார், இமாம் இலியாஸ் ஆலிம்சா இருந்தார், நிர்வாகிகள் நாலைந்து பேர். வேறெங்கும் பிறை தென்படவில்லை என்று போன் வந்தபடி இருந்தது. நான் பார்த்தேன் என்றதும் தலைவர் முகம் சந்தோஷப்படவில்லை. அது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எங்களைவிட்டுப் பிரிந்துபோன புதுப்பள்ளிக்காரர்கள் வானக் கணக்குப் போட்டு, மறுநாள்தான் பெருநாள் என்று ஒரு வாரம் முன்னாலேயே சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அவர்கள் சொன்ன நாளில் நாமும் பெருநாள் கொண்டாடுவதா என்பது மூசா நெய்னாவின் ரோஷம். எனக்கு அதெல்லாம் மனசிலேயே இல்லை, வானத்தில் இருந்ததைச் சொல்ல வந்தேன். "யாரு யாரு பார்த்திய?" "நானும் சேகுனாவும்." "போன்ல படம் எடுத்தியளா?" "இல்ல தலைவரே, எடுக்கத் தோணல." "அப்ப சேகுனா வரட்டும். நோன்புப் பெருநாள் பிறைக்கு ரெண்டு சாட்சி வேணும், ஒண்ணு பத்தாது." ஆலிம்சா தலையாட்டினார், ஆமாம், சட்டம் அதுதான். நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ரெண்டு சாட்சிதானே, இதோ வருகிறான். வந்தான். வெள்ளைச் சட்டை, அத்தர் மணக்கிறது. "என்ன சேகுனா, பார்த்தியளா?" அவன் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய தொழுகை நேர அட்டவணையைப் பார்த்தான். "சம்பந்தி அவுக பார்த்ததாச் சொல்றாக" என்றான். அவுக. ஐம்பது வருஷத்தில் என்னை அவன் அவுக என்றது அதுதான் முதல் தடவை. மக்களுக்குள் கல்யாணம் ஆன பிறகு சபையில் சம்பந்தி என்பான், அதுவும் சிரித்துக்கொண்டு. அவுக என்று சொன்னதில்லை. அந்தச் சொல்லிலேயே அவன் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான், மற்றதெல்லாம் அப்புறம் வந்தது. "அவுக சொல்றது இருக்கட்டும், நீங்க?" "மேகமா இருந்துச்சு தலைவரே. அவுக கையைக் காட்டினாக. எனக்குத் தட்டுப்படல." டேய், என்றேன். எழுந்துவிட்டேன் போலிருக்கிறது, நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. "டேய் சேகுனா, நீதானடா எனக்கே காட்டினே?" "நிதானமாப் பேசுங்க சம்பந்தி, பள்ளிவாசல்" என்றான். ஆலிம்சா சின்ன வயசுக்காரர், எங்களை அண்ணன் முறையில் காக்கா என்பார், ஆனாலும் அவர்தான் கேட்டார், "காக்கா, அல்லாஹ்வை முன்னால வச்சுச் சொல்லுங்க, பார்க்கலையா?" அப்போதும் அவன் பார்க்கவில்லை என்று சொல்லவில்லை. "தட்டுப்படலன்னுதான் சொல்றேனே ஆலிம்சா" என்றான். பார்க்கவில்லை என்ற சொல்லை வாயில் எடுக்காமல் தப்பித்துக்கொண்டான். படைத்தவனிடம் ஒரு சந்து விட்டு வைத்துக்கொண்டான், எனக்கு ஒன்றும் வைக்கவில்லை. அதோடு நிறுத்தினானா? "நான் குறையாச் சொல்லல. அஞ்சு மாசம் முன்னாலதான் அவுக கண்ணுல லென்ஸ் வச்சிருக்கு. லைட்டைப் பார்த்தாச் சுத்திக் கோடு கோடாத் தெரியுதுன்னு எங்கிட்டயே சொல்லியிருக்காக."

சொன்னேன்தான். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் இரண்டு வாரம் அப்படித் தெரிந்தது, தெருவிளக்கைச் சுற்றி முள் முள்ளாக. பிறகு நின்றுவிட்டது. அதை நான் என் மனைவி பாத்துமுத்திடம்கூடச் சொல்லவில்லை, பயந்துவிடுவாள் என்று. ஒருத்தனிடம்தான் சொன்னேன். அந்த ஆபரேஷனுக்கு என்னோடு வந்தவனே அவன்தான். கட்டை அவிழ்த்த அன்றைக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தான், "நான் எப்படி இருக்கேன்?" என்றான். "கிழவனா இருக்கே" என்றேன். நர்ஸ் அதட்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம். சொட்டு மருந்து விடுகிற நேரத்தை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தான். அந்தக் கண்ணைத்தான் சபையில் வைத்துப் பிடுங்கிக் காட்டினான். எல்லாரும் என் கண்ணைப் பார்த்தார்கள். ஒருவர், யாரென்று சொல்ல மாட்டேன், அனுதாபமாக "ச்சு" கொட்டினார். பொய்யன் என்றாவது சொல்லியிருக்கலாம், எதிர்த்து நின்றிருப்பேன். குருடன் என்றால் என்ன செய்வது. நாளைக்கும் நோன்பு என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். படியிறங்கும்போது ஆலிம்சா பின்னாலேயே வந்தார். "காக்கா, நீங்க உறுதியாப் பார்த்திருந்தா நாளைக்கு நோன்பு வைக்கிறது உங்களுக்கு ஹராம். பெருநாள் அன்னைக்கு நோன்பு கிடையாது. ஆனா வெளியில தெரியாமச் சாப்பிடுங்க. தொழுகையை நாளன்னைக்கு ஜமாஅத்தோட தொழுதுக்கலாம்." என்னை நம்புகிறீர்களா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். "என்னால ஒரு சாட்சியை வச்சுத் தீர்ப்புச் சொல்ல முடியாது காக்கா" என்றார். அந்தப் பதில் நம்பிக்கையா இல்லையா என்று இன்னும் பிடிபடவில்லை. இதோ அவர் குரல்தான் இப்போது இரண்டாவது ரக்அத்தை ஓதிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் கம்முகிறது, முப்பது ராத்திரி தராவீஹ் தொழ வைத்த தொண்டை.

நேற்றுப் பகல் மாதிரி ஒரு பகலை விரோதிக்கும் கொடுக்கக்கூடாது. விடிந்தது முதல் எங்கள் தெருவே நோன்பு. பாத்துமுத்தும் நோன்பு. விடியுமுன் அவள் ஸஹர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருந்தேன். "நெசமாவே பார்த்தியளா?" என்று கேட்டாள். முப்பத்தாறு வருஷம் என்னோடு இருந்தவள். "பார்த்தேன்." "சம்பந்தி எதுக்கு இல்லங்கணும்?" தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். "உங்களுக்கு நீங்க பார்த்தது. எனக்கு ஊரு சொல்றது" என்று தட்டைக் கழுவ எழுந்துபோனாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் எங்கேயோ வெளியூருக்குப் போகிறவன் போலவும் அவள் வழியனுப்புகிறவள் போலவும் சொன்னாள். பத்து மணிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நோன்பு வைக்காதவனுக்கு என்ன தாகம் என்று நினைப்பீர்கள், எடுத்துக் குடிக்கக் கை வரவில்லை. ரமலானில் பகலில் தண்ணீர்ப் பானையைத் தொட்ட பழக்கமே கிடையாது, கம்பத்தின் உச்சியில் சித்திரை வெயிலில் நின்றபோதும் கிடையாது. பாத்துமுத்துதான் வந்து சமையல்கட்டு ஜன்னலைச் சாத்தினாள், கொல்லைக்கதவைச் சாத்தினாள், ஒரு டம்ளர் தேத்தண்ணீரும் இரண்டு பன்னும் வைத்துவிட்டு, கதவை இழுத்து மூடிவிட்டுப் போனாள். இருட்டில் நின்றுகொண்டு குடித்தேன். தொண்டைக்குள் இறங்குகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் போலிருந்தது. அல்லாஹ்வின் கட்டளையை நிறைவேற்றுகிறேன், திருடன் மாதிரி நிற்கிறேன். தெருவில் யாரோ யாரிடமோ "பிறைக் காக்கா வீடு இதான்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஒரே ராத்திரியில் பெயர் வைத்துவிட்டார்கள். நேராகப் புதுப்பள்ளிக்குப் போயிருக்கலாம், அங்கே ஜம்மென்று பெருநாள் தொழுகை நடந்தது, அந்தத் தக்பீர் சத்தம் சாத்திய ஜன்னல் வழியாகவும் கேட்டது. போயிருந்தால் ஆகா என்று கட்டித் தழுவியிருப்பார்கள். பார்த்தாயா, அவன் அந்தக் கட்சி, அதற்காகத்தான் பிறை பார்த்தான் என்று இங்கே முடித்திருப்பார்கள். என் பிறை அவர்கள் நோட்டீஸில் இருந்த பிறை இல்லை. எனக்கு அது பனைக்கு மேலே இருந்த பிறை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும், ருகையா போன் பண்ணினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள், மாடிப்படியில் நின்று பேசுகிற குரல். "வாப்பா, மாமா மேல கோவப்படாதீங்க வாப்பா. நாளைக்குப் பள்ளியில வச்சு ஒண்ணும் சொல்லிராதீங்க." "நான் என்னத்தச் சொல்லப் போறேன்." "அவங்களுக்கு ஏற்கெனவே உடம்புக்கு முடியல. இன்னைக்கு நோன்புகூட விட்டுட்டாங்க." "என்ன சொன்னே?" "காலையில இருந்தே தலைசுத்துதுன்னாங்க. அரிசிக் கஞ்சி வச்சுக் கொடுத்தேன், ரூம்லயே வச்சுக் குடிச்சாங்க. மாமிக்குக்கூடத் தெரிய வேணாம்னாங்க. நீங்க யார்ட்டயும் சொல்லிராதீங்க." காய்ச்சல் இருந்ததா என்று கேட்டேன். இல்லையாம். வாந்தி? இல்லை. லுஹர் தொழுகைக்கு எழுந்து பள்ளிக்குக்கூடப் போய் வந்தாராம். அப்புறம் அவளாகவே சொன்னாள், "நேத்து சாயங்காலம் நீங்க கிளம்பிப் போனதும் தலைவர்ட்ட இருந்து போன் வந்துச்சு வாப்பா. மாமா சரி சரின்னுதான் சொன்னாங்க. போனை வச்சிட்டுக் கொஞ்ச நேரம் கட்டில்ல உக்காந்துட்டாங்க. அப்பப் பிடிச்சே முகம் சரியில்ல." நாங்கள் எந்த மாடியில் பிறை பார்ப்போம் என்று தலைவருக்குத் தெரியும், நான் போய்ச் சேருமுன் முந்திக்கொண்டிருக்கிறார். பெருநாள் கழித்துப் புது நிர்வாகம் போடுகிறார்கள், செயலாளர் பதவி சேகுனாவுக்குத்தான் என்று ஊருக்கே தெரியும். அதற்கா. ஒரு மேசை, ஒரு ரப்பர் முத்திரை, கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலி. அதற்காக இருந்தாலும் போகட்டும், மனுசன் சபலப்படுவான். கஞ்சி குடித்தானே. பிறை பார்க்காதவன் நேற்று நோன்பு வைத்திருப்பான். பார்த்தவன்தான் விட வேண்டும். அவன் விட்டான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, என் மகள் வைத்த கஞ்சியை, என்னைப் போலவே இருட்டில், என்னைப் போலவே பயந்து குடித்திருக்கிறான். அல்லாஹ்வுக்குச் சாட்சி சொல்லிவிட்டான். எனக்குத்தான் சொல்லவில்லை. ஹராத்துக்குப் பயந்தவன் என் மானத்துக்குப் பயப்படவில்லை.

ஸலாம் கொடுத்தாயிற்று. தொழுகை எப்படி முடிந்தது என்று தெரியவில்லை, ஐந்து தக்பீரையும் எண்ணினேனா என்றும் தெரியவில்லை, யா அல்லாஹ், இதை என்னவென்று ஏற்றுக்கொள்வாய். ஆலிம்சா மிம்பர் மேடையில் ஏறிவிட்டார், குத்பாப் பிரசங்கம். அரபி புரிகிறவர்களும் புரியாதவர்களும் ஒரே மாதிரி தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பிடரி இப்போது இன்னும் பக்கமாகத் தெரிகிறது. எழுந்து நிற்கலாம். நின்று, "இந்த சேகுனா நேத்து நோன்பு வைக்கல, ஏன்னு கேளுங்க" என்று ஒரு வரி. ஒரே வரி. மிம்பருக்குப் பக்கத்தில் மைக் கிடக்கிறது, மைக்கூட வேண்டாம், கம்பத்தின் மேலிருந்து கீழே நிற்கிறவனுக்குக் கேட்கக் கத்திய தொண்டை எனக்கு. எண்ணூறு தலையும் திரும்பும். அவன் என்ன சொல்வான்? உடம்பு சரியில்லை என்பான். யார் சாட்சி? என் மருமக என்பான். அப்போது அத்தனை கண்ணும் என் ருகையா மேல் போகும். மாமனார் நோன்பு விட்டதைப் பெற்றவனிடம் ஒப்பித்தவள் என்று ஆகும். மாமி அவளை என்ன கேட்பாள், ஷார்ஜாவிலிருந்து புருஷன் போனில் என்ன கேட்பான். ஒரு டம்ளர் கஞ்சிக்கு அந்தப் பெண் ஆயுசுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். இதைத்தான் நேற்று மூன்று மணியிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன், எந்தப் பக்கம் போனாலும் இந்த முட்டுச்சுவரில் வந்து நிற்கிறேன். சொன்னால் மகள். சொல்லாவிட்டால் நான். அப்படியே எழுந்து பக்கவாசல் வழியாகப் போய்விடலாம், குத்பா முடிந்ததும் எல்லாரும் ஒருவரையொருவர் கட்டித் தழுவுவார்கள், அவனும் வருவான், சபை பார்க்க வருவான். வரக்கூடாது. வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. வராமல் போய்விட்டால்? ஐயோ, அதையும் எப்படித் தாங்குவேன். இந்தப் பாழாய்ப்போன மனசு அவன் வருவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. வந்து கையைப் பிடித்து "தப்புப் பண்ணிட்டேன்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால், ஊரெல்லாம் வேண்டாம், என்னிடம் மட்டும் சொன்னால் போதும் என்று ஒரு மூலையில் அது உட்கார்ந்துகொண்டு கெஞ்சுகிறது. வெட்கமாக இருக்கிறது. ஏமாந்தவனுக்கு எதற்கு வெட்கம் என்று கேட்டால் தெரியாது, இருக்கிறது.

குத்பா முடிந்தது. எல்லாரும் எழுந்தார்கள், பள்ளிவாசல் முழுக்கத் துணி உரசுகிற சத்தம், அத்தர், வியர்வை, "ஈத் முபாரக்", சிரிப்பு. வெளியூர் மருமகன் என்னை மூன்று தரம் தழுவிவிட்டுப் போனார், நல்ல மனுசன். நான் பக்கவாசலைப் பார்த்தேன், கால் எழவில்லை. தலைவரும் அவனும் வரிசை வரிசையாகக் கைகொடுத்து முஸாபஹா செய்துகொண்டு வந்தார்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி. எனக்கு முன்னால் வந்து நின்றான். புதுத் தொப்பி. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது, அவனும் தூங்கவில்லை, எனக்குத் தெரியாதா. இரண்டு கையையும் அகல விரித்தான். "வாங்க சம்பந்தி" என்றான், பத்துப் பேருக்குக் கேட்க. "போனது போகட்டும். கண்ணுதானே, வயசானாத் தப்பத்தான் செய்யும். அதுக்கு யாரும் உங்கள ஒண்ணும் நினைக்கல. நீங்களும் மனசுல வச்சுக்காதிய." தலைவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அதானே, அதானே" என்றார். மன்னிக்கிறான். என்னை மன்னிக்கிறான். அதற்குள் அவன் கை என் முதுகைச் சுற்றிவிட்டது, என் தாடை அவன் தோளில் போய் விழுந்தது, அவன் காது என் வாயண்டை. நான் யோசித்துச் சொல்லவில்லை. அதுவாக வந்தது. "நேத்து கஞ்சிக்குத் தொட்டுக்க என் மக என்ன வச்சா?" என்றேன். எனக்கே கேட்காத குரல். என் நெஞ்சுக்கு மேலே அவன் நெஞ்சு, டங்கு டங்கென்று இடித்தது தெரிந்தது. என்ன கஞ்சி என்பான், எதைச் சொல்றிய சம்பந்தி என்பான் என்றுதான் நினைத்தேன். "துவையல்" என்றான். காதுக்குள் சொன்னான். அப்புறம் கையை இன்னும் இறுக்கினான். "நீ யார்ட்டயும் சொல்ல மாட்டே. எனக்குத் தெரியும்டா" என்றான். டா என்றான். சபையில் எடுத்துக்கொண்டதை யாருக்கும் கேட்காமல் காதில் திருப்பிக் கொடுத்தான். எனக்கு வேண்டியிருந்தது அதுவா? தப்புப் பண்ணிட்டேன் என்ற சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்த அந்த மூலை ஒரு கணம் நடுங்கியது, பிறகு அடங்கிவிட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். பக்கம் மாற்றித் தழுவ அவன் முகத்தைத் திருப்பினான், நான் நகர்ந்துவிட்டேன். தலைவரைப் பார்த்துச் சொன்னேன், சத்தமாகத்தான் சொன்னேன், பக்கத்து வரிசைகள் திரும்பின. "என் கண்ணு தப்பல தலைவரே. நான் பிறையைப் பார்த்தேன். பார்த்தவன் நோன்பு வைக்கக்கூடாது, அதனால நேத்து நான் நோன்பு வைக்கல. ஊரு தெரிஞ்சுக்கட்டும்." யாரோ அஸ்தஃபிருல்லாஹ் என்றார்கள். மூசா நெய்னா முகம் கறுத்தது. "என்ன உதுமான், நல்ல நாளும் அதுவுமா?" நான் சேகுனாவைப் பார்த்தேன். அவன் பெயரை நான் எடுக்கவில்லை, எடுக்க மாட்டேன். ஆனால் இடம் விட்டு நின்றேன். ஒரு வார்த்தைக்கு இடம், அவன் வந்து நிற்க இடம். அவன் உதடு அசைந்தது. இரண்டு பேர் தோள் மேலாக ஆலிம்சாவும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வாசல் பக்கம் திரும்பினான். "வெயில் ஏறுது தலைவரே, இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும், வாங்க" என்றான்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. தெருவில் யாரும் ஸலாம் சொன்னார்களா, நான் பதில் சொன்னேனா, தெரியாது. வாசலில் ருகையாவின் செருப்பு கிடந்தது. பெருநாளைக்கு உம்மாவுக்கு ஒத்தாசை செய்யக் காலையிலேயே வந்துவிட்டாள் போலிருக்கிறது. புதுச் சேலை, நீலம், நெற்றியில் வியர்வையோடு அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "மாமாவைப் பார்த்தீங்களா வாப்பா?" "பார்த்தேன்." "பேசினீங்களா?" "பேசினேன்." கையிலிருந்த கரண்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். உம்மா அடுப்படியில் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "கஞ்சியைப் பத்தி?" என்றாள். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்து ரேங்க் அட்டையை நீட்டுகிற முகம். "யார்ட்டயும் சொல்லலம்மா" என்றேன், "சொல்லவும் மாட்டேன்." அவள் முகம் அப்படியே தெளிந்தது. மூச்சை விட்டாள். சிரித்தேவிட்டாள், கண்ணோரம் நனைந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அந்தப் பத்து நிமிஷம் எனக்கு விளங்கியது. போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தானே, அப்போது அவன் செயலாளர் பதவியை யோசித்திருக்கலாம், மூசா நெய்னாவை யோசித்திருக்கலாம். கடைசியில் யோசித்தது இந்த முகத்தைத்தான். சமையல்கட்டில் இவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். உதுமான் எவ்வளவு தூரம் போவான், இவள் இங்கே இருக்கிறவரைக்கும் எங்கேயும் போக மாட்டான் என்று தெரிந்துகொண்டு, அப்புறம்தான் சட்டை மாட்டியிருக்கிறான். அவன் பயந்துபோய் என்னைக் கைவிட்டான் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. என்னை நம்பித்தான் கைவிட்டான். "நாளைக்கு எல்லாரும் அங்க சாப்பிட வரணும்னு மாமி சொல்லிவிட்டாங்க" என்றாள் ருகையா, பாயை விரித்துக்கொண்டே. "உம்மா வருவா" என்றேன். "நீங்க?" "நான் அந்த வீட்டுக்கு இனி வரலம்மா. நீ எப்பவும் போல இங்க வந்து போ." விரித்த பாயின் ஓரத்தைக் கையால் நீவி நீவிச் சரிசெய்துகொண்டே இருந்தாள், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. பிறகு எழுந்துபோய்த் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தாள், நெய்ச்சோறு, மேலே நல்ல கறித்துண்டாகப் பார்த்து இரண்டு. "சாப்பிடுங்க வாப்பா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் போகிறவர்கள் பார்க்கலாம். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை வைத்தேன்.